தேர்வும் தெரிவும்

தேர்வு என்னும் சொல் இன்றைய தமிழில் இரண்டு சுமைகளைத் தாங்கி நிற்கிறது. மாணாக்கன் எழுதும் சோதனைக்கும் தேர்வு என்றே பெயர். பலருள் சிலரைப் பொறுக்கி எடுக்கும் செயலுக்கும் தேர்வு என்றே பெயர். ‘தேர்வில் தேறவில்லை’ என்பதும் ‘தேர்வு பெறவில்லை’ என்பதும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஒலி ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என மனம் கருதிவிடுகிறது. ஆண்டுதோறும் இளம் நெஞ்சங்கள் பல இந்த மயக்கத்தினாலேயே வருந்துகின்றன.

பொறுக்கி எடுக்கும் செயலைக் குறிக்கத் தெரிவு என்னும் நல்ல சொல் தமிழில் இருக்கவே இருக்கிறது. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் தெரிந்து தெளிதல் என்று பெயர். 52ஆம் அதிகாரத்துக்குத் தெரிந்து வினையாடல் என்று பெயர். ஆளைத் தெரிந்தெடுப்பது எப்படி, எடுத்தபின் அவனிடம் வினையை ஒப்படைப்பது எப்படி என்று அவை பேசுகின்றன. ஆனால், அவ்வறிவுரை முழுவதும் யாருக்கு? தெரிந்தெடுக்கும் வேந்தனுக்கு. ஆராயாமல் எடுத்தால் வரும் துன்பமும் எடுத்தவனுக்கே என்பது அங்குள்ள கருத்து. எடுக்கப்படாதவன் தாழ்ந்தவன் என்று அந்த இருபது குறட்பாக்களில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. தெரிவு என்பது தெரிபவனின் தேவையைப் பற்றியது என்பதை வள்ளுவர் உள்ளத்திற் கொண்டிருந்தார் போலும்.

மலேசியாவில் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வெளிவரும் நாள் சோதனையின் நாள். அதற்குச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, மெட்ரிகுலேஷன் வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் இடம் பெற்றவர் யார் என்று தெரியவரும் நாள் தெரிவின் நாள். முதல் நாளில் சிறந்த புள்ளிகள் பெற்று மாலையும் கைத்தட்டலும் பெற்ற அதே பிள்ளை, இரண்டாம் நாளில் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுவதைக் காணாத ஆசிரியர் இலர். இடையில் அப்பிள்ளையின் அறிவு குறைந்துவிடவில்லை. பெற்ற புள்ளிகளும் அழிந்துவிடவில்லை. பின் எது மாறியது? இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதற்கு, கடல் கடந்த நாடொன்றின் சேர்க்கை முறை நன்கு உதவுகிறது. தெரிவினால் விளையும் துயரம் அங்கே ஒரு சட்டதிட்டமாகவே வகுக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கல்லூரிகள் பலவற்றில் ‘ஏர்லி டிசிஷன்’ என்னும் முன்முடிவு முறை நடைமுறையில் உள்ளது. கொலம்பியா, கார்னெல், பிரௌன், டார்ட்மத், பென்சில்வேனியா, டியூக், நார்த்வெஸ்டர்ன் முதலிய பல்கலைக்கழகங்கள் இம்முறையைக் கையாளுகின்றன. பள்ளியின் இறுதியாண்டில் இருக்கும் பதினேழு வயது மாணாக்கன், நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரே ஒரு கல்லூரிக்கு இவ்வழியில் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன், பிற கல்லூரிகளுக்கு அனுப்பிய விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்று அவன் உறுதி கூறிக் கையொப்பமிட வேண்டும். பெற்றோரும் கையொப்பமிட வேண்டும். பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரும் கையொப்பமிட வேண்டும். முடிவு டிசம்பர் மாத நடுவில் வந்துவிடும். பொதுமுறையில் விண்ணப்பிப்போரோ ஜனவரித் தொடக்கத்தில் விண்ணப்பித்து, மார்ச் மாதக் கடைசி வரையில் காத்திருப்பர். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் ஆகியவற்றிலும் முன்கூட்டி விண்ணப்பிக்கும் வழி உண்டு. ஆயினும் அங்கே சேர்ந்தே ஆகவேண்டும் என்னும் கட்டு இல்லை.

கையொப்பம் மூன்று, கட்டுப்படும் பக்கமோ ஒன்றே. மாணாக்கன் ‘உன்னையன்றி வேறொன்றை நாடேன்’ என்கிறான். கல்லூரி ‘பார்க்கலாம்’ என்கிறது. இத்தகைய ஒருதலை உறவுக்குத் தமிழிலக்கணத்தார் கைக்கிளை என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தி வைத்தனர். அமெரிக்கக் கல்லூரியாளர் தொல்காப்பியம் கற்றிருக்க நியாயமில்லை. ஆயினும் கைக்கிளையை அவர்களைப்போல் ஒழுங்குபடுத்தி நாள் குறித்து நடத்தியவர் எவருமிலர். பத்துக் கல்லூரிகளுக்குப் பொதுவாக விண்ணப்பித்து மூன்றில் மறுக்கப்படுபவன் அவ்வளவாகக் கலங்குவதில்லை. ஒன்றையே சுட்டி, அதுவே தன் முதல் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தபின் மறுக்கப்படுபவன், தன் உள்ளத்தைத் திறந்து காட்டியதற்காக நாணுகிறான். அந்நாணமே அவன் துயரத்தின் பெரும்பகுதி.

கல்லூரிகள் ஏன் இம்முறையை விரும்புகின்றன? காரணம் எளியது. இடம் வழங்கப்பட்ட மாணாக்கருள் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்வார் என்பது கல்லூரிக்குப் பெருங்கவலை. முன்முடிவு வழியில் எடுக்கப்பட்டவர் வந்தே தீர்வர். ஆக, வகுப்பின் ஒரு பகுதியை டிசம்பரிலேயே உறுதியாக நிரப்பிக்கொள்ளலாம். கிறிஸ்டஃபர் ஏவரி, ஆண்ட்ரூ ஃபேர்பேங்ஸ், ரிச்சர்ட் ஸெக்ஹௌஸர் ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு நூலொன்று, முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி. சோதனையில் 100 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றதற்கு ஒப்பான சாதகத்தைத் தருகிறது என்று காட்டியது. புள்ளி கூடவில்லை, அறிவு கூடவில்லை, விண்ணப்பித்த மாதம் மட்டுமே வேறு.

இச்சாதகம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதும் எண்ணத்தக்கது. பல கல்லூரிகள் எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் ஏழைக் குடும்பம் ஒன்று முடிவெடுக்க இயலும். முன்முடிவு முறையோ ஒப்பிடும் வாய்ப்பையே எடுத்துவிடுகிறது. உதவித்தொகை போதாவிடில் உறுதிமொழியிலிருந்து விடுவிப்பர் என்பது உண்மையே; ஆனால் அதனை அறிந்து துணிந்து கையொப்பமிடும் குடும்பங்கள் பெரும்பாலும் வசதியுடையவை. 2001இல் யேல் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் லெவின் இம்முறையைக் குறை கூறினார். 2002இல் யேலும் ஸ்டான்ஃபோர்டும் கட்டுப்படுத்தும் முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. 2006இல் ஹார்வர்ட் ஒரு படி மேலே சென்று, முன்கூட்டிய சேர்க்கை ஏற்கெனவே வாய்ப்புள்ளோருக்கே வாய்ப்பளிக்கிறது என்று கூறி அதனை முற்றிலும் நிறுத்துவதாக அறிவித்தது; பிரின்ஸ்டனும் பின்தொடர்ந்தது. போட்டியிலுள்ள பிற கல்லூரிகளில் பெரும்பாலானவை அசையவில்லை. 2011இல் அவ்விரண்டும் கட்டில்லாத வடிவில் முன்கூட்டிய சேர்க்கைக்குத் திரும்பின. நல்லெண்ணம் ஐந்தாண்டு நின்றது.

இனி அந்த டிசம்பர் நாளுக்கு வருவோம். நாளும் மணியும் முன்னரே அறிவிக்கப்பட்டிருக்கும். அம்மணியில் ஆயிரக்கணக்கான இல்லங்களில் கணினித் திரை திறக்கப்படும். விடை மூன்றிலொன்று: ஏற்பு, மறுப்பு, தள்ளிவைப்பு. தள்ளிவைக்கப்பட்டவன் பொதுமுறை விண்ணப்பதாரரோடு சேர்த்து மீண்டும் பார்க்கப்படுவான். மறுக்கப்பட்டவனுக்கு அவ்வாண்டில் அக்கதவு அடைபட்டது. மடல் மிகவும் பண்போடு எழுதப்பட்டிருக்கும். தகுதியுடையோர் பலர் விண்ணப்பித்தனர், இடங்கள் சில, வருந்துகிறோம் என்னும் பொருளில் அது அமையும். அம்மடலைப் பெற்ற பிள்ளை அதனை வெறும் சடங்குச் சொல்லாகவே கொள்கிறது. ‘என்னை அளந்தார்கள், குறைவாக இருந்தேன்’ என்பதே அதன் மனத்தில் பதியும் செய்தி. வியப்பு என்னவெனில், அம்மடலில் உள்ள சடங்குச் சொல் உண்மை. பிள்ளையின் மனத்தில் பதிந்த செய்தி பொய்.

எப்படியெனில், எண்களைப் பார்க்கலாம். 2024இல் ஹார்வர்ட் கல்லூரியின் புதிய வகுப்புக்கு விண்ணப்பித்தோர் 54,008 பேர். இடம் வழங்கப்பட்டோர் 1,937 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. எஞ்சிய ஐம்பத்திரண்டாயிரம் பேரும் தகுதியற்றோர் என்று அக்கல்லூரியே சொல்லாது. தகுதியுடையோர் இடங்களைவிடப் பன்மடங்கு மிகும்போது, இறுதித் தெரிவு தகுதியைக் கடந்த வேறு கணக்குகளால் நிகழ்கிறது. கல்லூரி இசைக்குழுவில் குழலூதுவோர் இவ்வாண்டு பட்டம் பெற்று வெளியேறுகின்றனரா? செவ்வியல் மொழிகள் துறையில் மாணாக்கர் போதவில்லையா? ஒரே பள்ளியிலிருந்து முன்னரே மூவர் எடுக்கப்பட்டுவிட்டனரா? முன்னாள் மாணவரின் பிள்ளைகள் எத்தனை பேர்? இவற்றுள் ஒன்றையும் விண்ணப்பித்த பிள்ளை அறியாது; அறிந்தாலும் மாற்ற இயலாது.

2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃபிரீட்மன் ஆகிய பொருளியலறிஞர் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு சான்று உண்டு. இத்தகைய கல்லூரிகளில் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டவர்களுள் சிலர் பின்னர் எடுக்கப்படுவர், பலர் விடப்படுவர். ஒரு கல்லூரியின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவருக்கும் விடப்பட்டவருக்கும், அதற்கு ஒப்பான மற்றொரு கல்லூரியில் இடம் கிடைக்கும் வாய்ப்பில் வேறுபாடு காணப்படவில்லை. எடுக்கப்பட்டவர் மேலானவராயின் அவரை மற்றக் கல்லூரியும் கண்டுகொண்டிருக்க வேண்டும் அன்றோ? அவ்விளிம்பில் ஒருவரை உள்ளே விட்டதும் ஒருவரை வெளியே நிறுத்தியதும் அந்தந்தக் கல்லூரியின் அவ்வாண்டுத் தேவையே. அதே ஆய்வு வேறொன்றையும் காட்டிற்று: ஒரே புள்ளி பெற்ற மாணாக்கருள், உச்ச 1 விழுக்காட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இக்கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் வாய்ப்பைவிட இரு மடங்குக்கும் மேல்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்னும் புலவர் வருகிறார். குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார் அவர். அதியமான் ஏதோ காரணத்தால் அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் காணாது தந்த பொருளைக் கொள்ளத் தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து தருவதாயின் தினையளவு பரிசிலும் இனிது என்றும் கூறிவிட்டார். பரிசு கிடைத்தும் மறுத்தவர் அவர். காணப்படுதல் என்பதற்கு அவர் வைத்த விலை அத்தகையது.

விண்ணப்பிக்கும் பிள்ளையின் உள்ளத்திலும் இந்தப் பசியே இருக்கிறது. இடம் வேண்டும் என்பதைவிட, யாரோ பெரியவர் தன்னை முழுதாகப் பார்த்து ‘நீ தக்கவன்’ என்று சொல்ல வேண்டும் என்பதே அதன் வேட்கை. அதனால்தான் மறுப்பு நெஞ்சைச் சுடுகிறது. முழுதாகப் பார்த்தபின் மறுத்தார்கள் என்று அது எண்ணுகிறது. உண்மையில் அங்கே பார்க்கப்பட்டது சில தாள்கள். மதிப்பெண் பட்டியல், ஒரு கட்டுரை, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், செயற்பாடுகளின் பட்டியல் ஆகியவற்றை ஒருவர் நிமிடக் கணக்கில் படித்திருப்பார். நோயுற்ற பாட்டிக்கு மூன்றாண்டுக் காலம் இரவில் மருந்து எடுத்துக் கொடுத்த பேரனை அத்தாள்கள் காட்டியிரா. அதியமான் பெருஞ்சித்திரனாரைக் காணாதது போலவே அக்கல்லூரியும் அப்பிள்ளையைக் காணவில்லை. காணாமல் தந்த பரிசிலைப் புலவர் தம் பெருமையின் சான்றாகக் கொள்ளவில்லை. காணாமல் தந்த மறுப்பை மட்டும் ஒருவன் தன் சிறுமையின் சான்றாகக் கொள்வது என்ன நியாயம்?

தகுதியுடையோர் மிகுந்து இடம் குறைந்தால் என் செய்வது என்னும் இடர்ப்பாடு புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. அவை அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்த குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. முதலில் தகுதி பார்க்கப்பட்டது. இரண்டாம் கல்வெட்டின்படி 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும். இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும், கல்வி வேண்டும், கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. இவ்வாறு தேறியவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. எழுதியிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் சபையின் நடுவே ஓலையை எடுத்தான். அதனைப் பெற்றவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி உரக்கப் படித்தார்.

தேர்வும் தெரிவும் வெவ்வேறு என்பதை இதனினும் தெளிவாக நடத்திக் காட்டிய ஊர் அரிது. தகுதியை ஆராய்ந்தது மனிதர் அறிவு, அது தேர்வு. தகுதியுற்றோருள் ஒருவரை எடுத்தது சிறுவனின் கை, அது தெரிவு. குடத்துக்குள் தன் ஓலை இருந்தது என்பதே ஒருவனுக்கு ஊரார் தந்த மதிப்பு. அது வெளியே வந்ததா உள்ளே கிடந்ததா என்பதால் அம்மதிப்பு கூடவோ குறையவோ வழியில்லை. இம்முறையையும் அளவுக்கு மீறிப் புகழ்தல் கூடாது. நிலமுடையோரும் வேதம் கற்றோரும் மட்டுமே அக்குடத்துக்குள் புக முடிந்தது. உழுதவன் பெயர் அதில் இல்லை. பெண்ணின் பெயர் இல்லை. குடத்தின் வாய் குறுகியது. ஆயினும், உள்ளே சென்றபின் நடந்தது நேர்மையாக நடந்தது.

இன்று அமெரிக்க அறிஞர் சிலரும் இதையொத்த வழியையே பரிந்துரைக்கின்றனர். உளவியலறிஞர் பேரி ஷ்வார்ட்ஸ் 2005இலேயே, போதிய தகுதியுடையோரைப் பிரித்தெடுத்து அவர்களுக்குள் சீட்டுக் குலுக்கலாம் என்று எழுதினார். மெய்யியலறிஞர் மைக்கேல் சாண்டல், தகுதியின் கொடுங்கோன்மை பற்றி 2020இல் வெளியிட்ட நூலில் அதே கருத்தை வலியுறுத்தினார். அவர்தம் கவலை தோற்றவர்களைப் பற்றி மட்டும் எழுந்ததன்று. தன் வெற்றி முழுவதும் தன்னால் வந்தது என நம்பும் இளைஞன், பிறர் தோல்வி முழுவதும் அவரவரால் வந்தது என்றும் நம்பத் தொடங்குவான். அவன் நாளை மருத்துவனாகவோ அமைச்சனாகவோ வரும்போது அந்நம்பிக்கையோடுதான் வருவான். 1958இல் தகுதியாட்சி என்னும் சொல்லைப் பரப்பிய மைக்கேல் யங், அதனைப் பாராட்டி எழுதவில்லை, எள்ளி எழுதினார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். வாய்ப்பின் பங்கை ஒப்புக்கொள்வது மறுக்கப்பட்டவனின் வலியைத் தணிக்கும். அதே வேளையில் ஏற்கப்பட்டவனின் செருக்கையும் கேட்கும். இரண்டாவதற்கு எத்தனை குடும்பங்கள் உடன்படும் என்பது ஐயமே.

இங்கே ஆசிரியப் பெருமக்கள் ஒரு தடை எழுப்பக்கூடும். எல்லாம் குடவோலை என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் ஏன் படிப்பார்கள்? உழைப்பு வீண் என்றாகிவிடாதா? தக்க வினாவே. வள்ளுவர் ஊழ் என்னும் அதிகாரத்தை 38ஆவதாக, அறத்துப்பாலின் கடைசியில் வைத்தார். ஆள்வினையுடைமையைப் பொருட்பாலில் 62ஆவதாக வைத்தார். முன்னதில் ஊழின் வலிமையை மறுக்க இயலாதெனக் கண்டவர், பின்னதில் சோர்விலா முயற்சி அவ்வூழையே பின்வாங்கச் செய்யும் என்கிறார். உரையாசிரியர் பலர் இவ்விரண்டையும் பொருத்திக் காட்ட முயன்றுள்ளனர். மாணாக்கர் அளவில் இவ்வளவு சொல்லலாம்: குடத்துக்குள் ஓலை புகுவது ஆள்வினையால், குடத்திலிருந்து ஓலை வருவது அவன் கையில் இல்லை. கணிதம் கற்றவனுக்குக் கணிதம் தெரிந்துவிட்டது. அவனுக்கு இடம் மறுத்த கல்லூரி அதனைப் பிடுங்கிக்கொள்ள முடியாது. ஆள்வினையுடைமையை அடுத்து 63ஆவது அதிகாரமாக இடுக்கண் அழியாமை வருவதையும் வகுப்பறையில் சுட்டிக்காட்டலாம். முயன்றவனுக்கும் இடுக்கண் வரும் என்பதை அவ்வமைப்பு மறைக்கவில்லை.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. ‘இது வெறும் வாய்ப்பு, பொறுத்துக்கொள்’ என்று சொல்வது அநீதிக்குத் துணைபோவதாகாதா? மலேசியத் தமிழ்ப் பெற்றோர்க்கு இது ஏட்டு வினா அன்று. மெட்ரிகுலேஷன் இடங்களில் 10 விழுக்காடு பூமிபுத்ரா அல்லாதாருக்கு என்னும் ஏற்பாடு 2003இல் வந்தது. 2019இல் மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டன. 90க்கு 10 என்னும் பங்கீடு அப்படியே நின்றது. 2024 ஜூன் இறுதியில், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யும் அதற்கு மேலும் பெற்றோர் எவ்வினத்தவராயினும் இடம் பெறுவர் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அவ்வறிவிப்புக்கு முன்னர் ஏங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களிடம் குடவோலைக் கதை கூறுவது பொருந்தாது. அங்கே குடமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

ஆகவே, பொறுத்தலையும் ஒப்புதலையும் பிரித்துணர வேண்டும். மேல்முறையீடு செய்வது, சங்கங்களின் வழியாகக் குரல் கொடுப்பது, சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசவைப்பது ஆகியவை பெரியவர்களின் வினை. அவ்வினையைச் செய்யாமல் பிள்ளைக்குப் பொறுமை மட்டும் போதிப்பவர் தம் கடனைப் பிள்ளையின் தோளில் ஏற்றுகிறார். மறுபுறம், குடம் சாய்ந்திருந்தது என்று அறிந்த பிள்ளைக்கும் அவ்வறிவே ஒருவகை விடுதலை. முறையில் உள்ள கோணலைத் தன் உடம்பில் உள்ள ஊனமாக அது எண்ணத் தேவையில்லை. சினம் இருக்கட்டும், தன்னிழிவு வேண்டா. அமெரிக்க ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் முன்முடிவு முறை அத்தகைய சாய்ந்த குடமே.

மறுக்கப்பட்ட கல்லூரியால் இழப்பு ஒன்றுமே இல்லை என்று ஆறுதல் கூறுவோரும் உளர். அதுவும் முழு உண்மை அன்று. ஸ்டேசி டேல், ஆலன் குருகர் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒத்த திறமுடைய மாணாக்கர் மிகுபுகழ்க் கல்லூரியில் படித்தாலும் மற்றொன்றில் படித்தாலும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே அளவு பொருளீட்டினர் என்று கண்டது. வறிய குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்குக் கல்லூரியின் பெயர் பயன்பட்டது. மேற்கூறிய 2023ஆம் ஆண்டு ஆய்வும் சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆனால் வருமானத்தின் உச்ச 1 விழுக்காட்டை எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காவதைக் கண்டது. ஆகப் பெரும்பாலோர்க்கு இழப்பு சிறிது, சிலர்க்குச் சிறிதன்று. பிள்ளைகள் இதனைத் தாங்கிக்கொள்ளும் வயதினரே. பொய்யான ஆறுதலை அவர்கள் எளிதில் கண்டுகொள்வர். கண்டுகொண்டபின் சொன்னவரின் மெய்யான சொல்லையும் நம்பமாட்டார்கள்.

டிசம்பர் நடுவில் மறுப்பு வருகிறது. பொதுமுறை விண்ணப்பத்துக்குரிய கடைசி நாள் பல கல்லூரிகளில் ஜனவரி முதல் நாளையொட்டி அமைகிறது. துயரத்துக்கும் விண்ணப்பத்துக்கும் சேர்த்து இரண்டு வாரமே உண்டு. அறிந்த வழிகாட்டி ஆசிரியர் பிற விண்ணப்பங்களை நவம்பரிலேயே எழுதி வைக்கச் செய்வார். அவ்வாறு செய்யாத பிள்ளை கண்ணீரோடு ஒரே வாரத்தில் எட்டுக் கட்டுரைகள் எழுத நேரும். அவை கண்ணீரைப் போலவே இருக்கும். முதல் இரண்டு நாள் பேசாமல் விடுவது நலம். சமைத்ததை உண்ண அழைப்பது, உடன் அமர்ந்திருப்பது ஆகியவை போதும். ‘அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்துவிட்டதே’ என்னும் சொல் அந்நாளில் எவர் வாயிலிருந்தும் வரலாகாது. தாய்க்கும் தந்தைக்கும் உற்ற ஏமாற்றமும் மெய்யானதே. பள்ளிக் கட்டணமும் தனிவகுப்புக் கட்டணமும் கட்டியவர் அவர்கள். உறவினரிடம் முன்கூட்டியே பெருமை பேசிவிட்டவரும் அவர்களே. ஆனால் தம் ஏமாற்றத்தைப் பிள்ளை ஆற்ற வேண்டும் என்னும் நிலைக்கு அதனைத் தள்ளிவிடலாகாது. பதினேழு வயதில் இரண்டு துயரங்களைச் சுமப்பது அரிது.

மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ ஒரு வீறாப்புப் பிறக்கும். ‘என்னை மறுத்தவர்கள் வருந்தும்படி செய்து காட்டுகிறேன்’ என்று பிள்ளை சொல்லும். பெற்றோர் மகிழ்வர். பெருஞ்சித்திரனாரின் மற்றொரு செயல் இங்கே நினைவுக்கு வருகிறது. இளவெளிமான் அவருடைய தகுதி அறியாமல் சிறிதளவே கொடுத்தபோது அவர் அதனைக் கொள்ளாது சென்றார். பின்னர்க் குமணனிடம் யானையைப் பரிசிலாகப் பெற்றுத் திரும்பிவந்து, இளவெளிமானின் காவல் மரத்திலே அதனைக் கட்டினார். தமிழ் வகுப்பில் இக்கதையைச் சொன்னால் மாணாக்கர் கண்கள் ஒளிரும். ஆனால் எத்தனையோ பேர் தம்மை மறுத்தவரின் மரத்தடியில் யானை கட்டுவதற்காகவே இருபது முப்பது ஆண்டுகள் உழைத்துவிடுகின்றனர். வேண்டியதைப் பயிலாமல் அவர்கள் வியக்கக் கூடியதைப் பயில்கின்றனர். புலவர் அப்படிச் செய்யவில்லை என்பதைக் கதை சொல்வோர் விட்டுவிடுகின்றனர். அவர் யானையை அங்கேயே இளவெளிமானுக்குக் கொடையாக விட்டுவிட்டுத் தம் வழியே போனார். இளவெளிமான் முகம் எவ்வாறு மாறிற்று என்று நின்று பார்த்ததாகப் பாட்டில் இல்லை.

தள்ளிவைக்கப்பட்டவன் நிலை மறுக்கப்பட்டவனைவிடக் கடினம். அவனுக்கு அழவும் முடியாது, மகிழவும் முடியாது. தொடர்ந்து விருப்பம் உண்டு என்று ஒரு சிறு மடலும், அரையாண்டு மதிப்பெண்ணும் அனுப்பிவிட்டு அவன் அந்தக் கல்லூரியை மனத்தின் நடுவிலிருந்து எடுத்து மூலையில் வைக்கப் பழக வேண்டும். உறுதிமொழி இப்போது அவனைக் கட்டாது. எங்கு வேண்டுமாயினும் செல்லலாம். பலர் இதனை அறியாமல், கட்டவிழ்ந்த பின்னும் கட்டுண்டவர்போல் மார்ச் வரை வாடுகின்றனர்.

ஏற்கப்பட்டவனுக்கும் கடமை உண்டு. அவன் மற்றக் கல்லூரிகளுக்கு அனுப்பிய விண்ணப்பங்களை உடனே திரும்பப் பெற வேண்டும். காலந்தாழ்த்தினால் தான் சேரப்போகாத இடத்தில் வேறொருவன் பெயருக்குத் தடையாக நிற்பான். மறுநாள் வகுப்பில் அவன் அருகே அமர்ந்திருப்பவன், அதே கல்லூரியால் மறுக்கப்பட்ட நண்பனாக இருக்கக்கூடும். என்ன பேசுவது என்று தெரியாமல் இருவரும் பாடநூலைப் புரட்டிக்கொண்டிருப்பர். அன்று மாலை வழிகாட்டி ஆசிரியரின் அறைக்கு இருவருமே வருவர்: ஒருவன் ஏழு விண்ணப்பங்களைத் திரும்பப் பெற, மற்றவன் ஏழு விண்ணப்பங்களை அனுப்ப. ஆசிரியர் ஒரே மேசையிலிருந்து, ஒரே எழுதுகோலால், இருவருக்கும் வேண்டிய தாள்களில் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும்.